பாரி மாமா கடைச் சுவரில் பதினோரு பேர்

டெஸ்ட் ஆடும் நாடு எதுவும் கூடாது. பதினோரு பேர் இருக்க வேண்டும். மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்துல் பாரி மாமாவின் டீக்கடைச் சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருப்பது இந்த மூன்று வரிகள்தான். அவற்றுக்குக் கீழே ஆண்டுக்கு ஒரு டீம். டீமுக்குக் கீழே அதைத் தேர்ந்தெடுத்தவரின் பெயர்.

இது எப்படி ஆரம்பித்தது என்பது பர்மாவின் பசுண்டாங்கில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 2006-இல் மலேசியாவுக்கு எதிராக பர்மா பத்து ரன்னுக்கு ஆல் அவுட் ஆனது. பதினோரு பேரும் சேர்ந்து அடித்தது பத்து. மறுநாள் கடையில் அதைச் சொல்லிச் சிரித்தவர்களைப் பார்த்து மாமா சூடாகிவிட்டாராம். "பெரிய நாட்டுக்காரன் பேரை எவன் வேணும்னாலும் சொல்லுவான். சின்ன நாட்டுல பதினோரு பேர் சொல்லுங்கடா பாப்போம்." ஒருவராலும் ஐந்து பேருக்கு மேல் சொல்ல முடியவில்லை. அடுத்த ஜனவரியிலிருந்து போட்டி.

டீமைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாமா உரக்கப் படிப்பார். மற்றவர்கள் அதில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் மூன்று கேள்வி கேட்பார்கள். இரண்டுக்குத் தப்பாகச் சொன்னால் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார். கடைசியாக இரண்டு சீட்டு மிஞ்சினால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெயித்தவரின் டீம் சுவரேறும். அந்த ஆண்டு முழுவதும் கடையில் எந்தக் கிரிக்கெட் சண்டை வந்தாலும் அவர் சொல்வதுதான் முடிவு.

மூன்று வருடங்களாகச் சுவரில் இருப்பது ரெங்கசாமி அண்ணனின் பெயர். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் ஆபீசில் கணக்கராக இருக்கிறார். எந்த ஸ்கோரையும் தேதியோடு சொல்வார்.

காலையிலும் மாலையிலும் உம்மா பொரிக்கும் சமோசாவை அந்தக் கடைக்குக் கொண்டுபோவது என் வேலை. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். முதலில் கொரோனாவுக்காக மூடினார்கள், பிறகு வேறு காரணங்களுக்காக. திறந்தபோது என் அண்ணன், சர்ஃபராஸ் நானா, மட்டும் போனார். எனக்கு மாவு பிசையத் தெரிந்திருந்தது, அதனால் நான் போகவில்லை. நான் போகவில்லை என்று எழுதுவது சரியில்லை. என்னை அனுப்பவில்லை.

நான்கு வருடங்களாக அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்று எல்லாச் சண்டைகளையும் கேட்டிருக்கிறேன். வீட்டில் கரண்ட் வரும் நேரத்தில் உம்மாவின் போனில் ஸ்கோர் பார்ப்பேன். நேபாளம், நமீபியா, ஓமன், உகாண்டா. பார்த்ததை நோட்டில் எழுதிக்கொள்வேன். நோட்டுகள் என் துணிப்பெட்டியில், பள்ளிக்குக் கட்டிப்போன பழைய பச்சை லொஞ்சியின் மடிப்புக்குள் இருக்கும். அந்த லொஞ்சியை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

நானா தொட்டார். போன் சார்ஜரைத் தேடினாராம்.

"இது யாரு போட்ட டீம்?"

"நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் நான் இதைக் குடுக்கப் போறேன்."

"என் பேர்லயா?"

சிரித்தார். "நீ வந்து நிப்பியா அங்க? சமோசாவை வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஓடி வர்றவ. ரெங்கசாமி அண்ணன் உன் பேரைக் கேட்டாலே அழுதுருவே."

"அது என் டீம், நானா."

"டீம்தானே? என்னமோ உன் பணத்தை எடுத்த மாதிரி பேசுற."

பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொருவரையும் ஏன் எடுத்தேன் என்பது மறுபக்கத்தில் இருந்தது. திருப்பிப் பார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வாயைப் பலமுறை வெட்கம் மூடியிருக்கிறது. இந்த முறை மூடியது வெட்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பையன்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினுக்குப் போய், தொழிற்சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆடிவிட்டு, பாலம் தாண்டி பஸ்ஸில் திரும்புவார்கள். போட்டி அன்று நான்கு மணிக்கு நேராகக் கடைக்கு வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். நான் சமோசாவை அடுக்கினேன். அடுக்கி முடிந்ததும் மறுபடி எடுத்து அடுக்கினேன்.

மாமா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் ஐந்து சீட்டுகளும் அடுப்புக்குப் போய்விட்டன. ரெங்கசாமி அண்ணனின் சீட்டைப் படித்தபோது கடை அமைதியானது. கென்யாவின் டிக்கோலோ, நெதர்லாந்தின் டென் டஸ்காட்டே, ஸ்காட்லாந்தின் கோட்சர் என்று பெரிய பெரிய பெயர்கள். எவ்வளவு ரன், எத்தனை விக்கெட், எந்த மைதானம் என்று மூன்று கேள்வி கேட்டார்கள். பதில் கேள்வி முடியும் முன்பே வந்தது. நான் அந்தப் பெயர்களைக் கேட்டபடியே விரல்விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

அடுத்தது நானாவின் சீட்டு. என் டீம்.

"சோனம் யேஷே, பூட்டான்" என்று மாமா படித்ததும் விநாயகமூர்த்தி பெஞ்சைத் தட்டினான். அவன் எங்கள் தெருவின் வேகப்பந்து வீச்சாளன், வாயும் அதே வேகம்.

"அமலே, அம்மாடி! போன மாசம் நம்ம ஆளுங்க எட்டு பேரை அவுட்டாக்கினவனாச்சே! அவனையா எடுத்திருக்கே? நீ எந்த ஊர்க்காரன்?"

"ஏழு ரன் குடுத்து எட்டு விக்கெட்" என்றார் நானா. அது கடையில் எல்லோருக்கும் தெரிந்த வலி. "நம்மளை அடிச்சாலும் நல்லவன் நல்லவன்தான்."

இந்தப் பதில் பிடித்துப்போய்ச் சிலர் கை தட்டினார்கள். அந்த வாக்கியம் என்னுடையது. போன மாதம் வீட்டில் நான் சொன்னது.

"நேத்ராவல்கர், அமெரிக்கா."

"அமெரிக்கா சின்ன நாடா, மாமா?"

"கிரிக்கெட்டுல நம்ம பக்கத்து வீடுதான்டா. அடுத்து, லெவராக், பெர்முடா."

"அந்தக் குண்டு மனுஷனா?" என்று ஒரே சிரிப்பு. உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக ஸ்லிப்பில் பாய்ந்து அவர் பிடித்த கேட்சை அந்தக் கடையில் பார்க்காதவர் இல்லை. அதனால் ஒருவரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

சீட்டைக் கீழேயிருந்து படித்துக்கொண்டு வந்த மாமா கடைசியாக முதல் வரிக்கு வந்தார். "ஓப்பனர், நத்தகான் சாந்தம், தாய்லாந்து."

ரெங்கசாமி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இந்தப் பேரை நான் கேள்விப்பட்டதில்லையே. யாருப்பா இவன்? என்ன அடிச்சிருக்கான்?"

நானாவின் காது சிவந்தது. "இவனா? ஆறடி உயரம். பயங்கர ஹிட்டர். மலேசியாவுக்கு எதிரா செஞ்சுரி போட்டான். எல்லாம் சிக்ஸ்."

"எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து... பத்தொன்பது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. பதினைந்து தலைகளும் சமோசாப் பெட்டிப் பக்கம் திரும்பின. நான்கு வருடங்களில் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கையில் ஒரு சமோசா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்ன புள்ள?" என்றார் மாமா.

"அது அவன் இல்லை, மாமா. அவங்க ஒரு பொண்ணு."

கடையில் கூரை பிய்ந்துவிடும் போலச் சத்தம். விநாயகமூர்த்தி பெஞ்சிலிருந்தே விழுந்தான். "ஆறடி உயரமாம்! எல்லாம் சிக்ஸாம்! டேய் சர்ஃபராஸ், பாத்து வச்சிருக்கியாடா, பொண்ணு கேக்கப் போலாமா?"

நானா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. "இவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

"அது என் டீம்" என்றேன். மறுபடி சொன்னேன். "என் நோட்டுலேருந்து எடுத்தது. பதினோரு பேரும் நான் எடுத்தவங்க."

"ஹொக்லா?" என்று மாமா நானாவைக் கேட்டார். உண்மையா என்று பர்மியில் கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பது அந்தக் கடையின் பழக்கம். நானா கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெங்கசாமி அண்ணன் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். நியாயமாகப் பேசுகிற குரல் அவருக்கு உண்டு. "சரி, விடுங்க. சின்னப் பசங்க. டீம் ஒண்ணும் மோசமில்லை. அந்தப் பொம்பளைப் பேரை எடுத்துட்டு கோட்சரைப் போடுங்க. சர்ஃபராஸ் பேர்லேயே இருக்கட்டும். நானும் அவனும் கடைசிக் கேள்விக்குப் போறோம். என்ன சர்ஃபராஸ்?"

"சரிண்ணே" என்றார் நானா உடனே.

"தங்கச்சி, உனக்கும் சந்தோஷம்தானே? பத்துப் பேர் உன் ஆளுங்கதான்."

பத்துப் பேர். அவர் அதைப் பரிசு போலச் சொன்னார். தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்றிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் நானாவின் பெயருக்கு மேலே ஒரு வருடம் இருப்பார்கள். காலையும் மாலையும் பெட்டிக்குப் பின்னாலிருந்து நான் அதைப் படித்துக்கொண்டிருப்பேன்.

"மாத்த மாட்டேன்" என்றேன்.

"என்ன?"

"ஒரு ஆளையும் மாத்த மாட்டேன். டெஸ்ட் நாடு கூடாதுன்னு சுவத்துல இருக்கு. பதினோரு பேர்னு இருக்கு. ஆம்பளைன்னு எங்க எழுதியிருக்கு?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடங்களாகப் பார்த்த சுவர்தான். அதில் அந்த வார்த்தை இல்லை.

"அதை எழுதணுமா என்ன?" என்றான் விநாயகமூர்த்தி.

"எழுதாததை எப்படிப் படிக்கிறது? மூணு கேள்வியையும் என்கிட்ட கேளுங்க. நானா சொன்ன பதிலை விட்டுடுங்க. மூணும் இவங்களைப் பத்தியே கேளுங்க. ரெண்டு தப்பானா சீட்டைக் கிழிச்சிருங்க, மாமா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பாரி மாமா துண்டால் கையைத் துடைத்தார். "கேளு ரெங்கசாமி" என்றார்.

ரெங்கசாமி அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "என்ன செஞ்சிருக்காங்க உங்க ஓப்பனர்?"

"2022 பெண்கள் ஆசியக் கோப்பை. சில்ஹட். பாகிஸ்தான் 116 அடிச்சாங்க. தாய்லாந்து அதை ஒரு பந்து மிச்சம் வச்சு ஜெயிச்சாங்க. இவங்க அடிச்சது 61. பாகிஸ்தான் டெஸ்ட் ஆடற நாடு."

போனைத் தேய்த்துப் பார்த்த ஒருவர், "சரியாத்தான் சொல்லுது" என்றார்.

"ரெண்டாவது" என்றார் அண்ணன். "நீ ஆம்பளைங்களோட சேத்துப் போட்டிருக்கே. எதிர்ல நூத்தி நாப்பது வேகத்துல ஒருத்தன் போடுவான். அதை இவங்க ஆடுவாங்களா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா தப்பு" என்று விநாயகமூர்த்தி கத்தினான்.

"தப்புன்னே வச்சுக்குங்க. ஆனா உங்களுக்கும் தெரியாது. உங்க டீம்லேயும் என் டீம்லேயும் டிக்கோலோ இருக்கார். அவருக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு. சின்னப் பையன் யேஷே எங்க, அவர் எங்க? இவங்க எல்லாரும் ஒரு நாளும் ஒரே கிரவுண்டுல நிக்கப் போறதில்லை. நாம நிக்க வைக்கிறோம். எப்பவோ ரிட்டயர் ஆனவர் வந்து நிக்கலாம், இப்ப ஆடற ஒரு பொண்ணு நிக்கக் கூடாதா?"

யாரோ "ம்" என்றார். யார் என்று பார்க்க என்னால் தலையை உயர்த்த முடியவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு" என்றார் மாமா. "கடைசி. இது தப்பானா அடுப்பு."

ரெங்கசாமி அண்ணன் நேரம் எடுத்துக்கொண்டார். டீயைக் குடித்து முடித்தார். "இவங்களுக்காக நீ வெளியே விட்ட ஆள் யாரு? ஏன் விட்டே?"

அதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மறுபக்கத்தில் முதல் வரியாக நான் எழுதியிருந்ததும் அதுதான்.

"கோட்சரை விட்டேன். நீங்க போடச் சொன்ன அதே ஆள். 2015 உலகக் கோப்பையில வங்கதேசத்துக்கு எதிரா 156 அடிச்சார். ரொம்பப் பெரிய ஆட்டம்தான். ஆனா ஸ்காட்லாந்து அந்த மேட்ச்ல தோத்துப்போச்சு. 156 அடிச்சுத் தோத்த மேட்ச் ஒண்ணு, 61 அடிச்சு ஜெயிச்ச மேட்ச் ஒண்ணு. சின்ன நாட்டுக்கு ரன்னை விட ஜெயிக்கிறதுதான் கஷ்டம். அதனால ஜெயிச்சவங்களை எடுத்தேன்."

மாமா சீட்டை மேசைமேல் வைத்து அதன்மேல் சர்க்கரை டப்பாவை வைத்தார். கிழிக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

இப்போது இரண்டு சீட்டுகள். ரெங்கசாமி அண்ணன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "என் கேள்வியை முதல்லேயே கேட்டாச்சு. நீ கேளு. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்ல."

எனக்குத் தெரிந்த ஸ்கோர் எல்லாம் அவருக்கும் தெரியும். அவரிடம் ரன்னையும் விக்கெட்டையும் கேட்டு யாரும் ஜெயித்ததில்லை.

"அண்ணே, உங்க டீம்ல விக்கெட் கீப்பர் யாரு?"

அவர் சீட்டை வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படித்தார். கடையும் கூடவே எண்ணியது. ஆறு மட்டையாளர்கள், ஐந்து பந்துவீச்சாளர்கள். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை.

"டென் டஸ்காட்டே கிளவுஸ் போட்டுப்பார்" என்றார் கடைசியில்.

"அவர் உங்க அஞ்சாவது பௌலர். பந்தையும் போட்டுட்டு, பின்னாடி ஓடிப் போய் அவரே பிடிக்கணும்."

இந்த முறை விநாயகமூர்த்திதான் முதலில் சிரித்தான். ரெங்கசாமி அண்ணன் சிரிக்கவில்லை. விரலைச் சுவர்ப் பக்கம் நீட்டினார். "கீப்பர் வேணும்னு சுவத்துல எழுதலையே? நீ சொன்ன நியாயம்தான்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. கடையும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் மறுபடி என் பக்கம் திரும்பினார்கள். நியாயம் அவர் பக்கமும் இருந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

"எழுதலை, அண்ணே. உங்க டீம் செல்லும். நான் கிழிக்கச் சொல்லலை. அந்தப் பதினோரு பேரை அப்படியே இறக்குங்க. மட்டையில படாம போற ஒவ்வொரு பந்தும் நாலு ரன். எங்க ஓப்பனர் நூத்தி நாப்பதை ஆடுவாங்களான்னு கேட்டீங்களே? ஆட வேணாம். குனிஞ்சா போதும்."

ரெங்கசாமி அண்ணன் தானே எழுந்துபோய்த் தன் சீட்டை அடுப்பில் போட்டார். "மூணு வருஷமா ஒருத்தனும் கேக்கலையேடா" என்று பையன்களைத் திட்டினார். "ரன்னு ரன்னுன்னு என்னையும் கெடுத்து வச்சிருக்கீங்க."

மாமா அடுப்புக்குப் பின்னாலிருந்து பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்தார். ஸ்டூல் போட்டு ஏறினார். கடையில் தமிழ் எழுத்து அழகாக எழுதுவது அவர் ஒருவர்தான். பையன்களில் பாதிப் பேருக்குப் பர்மி எழுத்துதான் ஓடும். நத்தகான் சாந்தம் என்று முதல் பெயரை எழுதினார். பிறகு ஒவ்வொன்றாகப் பதினோரு பெயர்கள். அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். சமோசா ஆறிவிட்டது. உம்மா இரண்டு முறை நானாவுக்குப் போன் செய்துவிட்டார்.

கடைசி வரிக்கு வந்ததும் மாமாவின் பிரஷ் நின்றது.

"புள்ள, ஒண்ணு சொல்றேன். டீக்கடைச் சுவர். நாலு பேர் வருவான், போவான். பொட்டப்புள்ள பேரை எழுதினா உங்க வாப்பா என்னைத்தான் கேப்பார். 'எஸ்'னு மட்டும் போடட்டா? சர்ஃபராஸுக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு."

"எனக்கு ஆகாது, மாமா."

"நாளைக்குப் பேசிக்கலாமே."

"நாளைக்குன்னா நீங்க எழுத மாட்டீங்க. முழுப் பேரா எழுதுங்க. இல்லைன்னா பதினோரு பேரையும் அழிச்சிருங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

நின்றேன். ரெங்கசாமி அண்ணன் கடை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "எழுதுங்க பாய். அது ஜெயிச்சுது. போன வருஷம் என் பேரை எழுதறப்ப எங்க அப்பாவையா கேட்டீங்க?"

மாமா பெருமூச்சு விட்டார். 'ச' எழுதினார்.

நானா என் பக்கத்தில் வந்து நின்றார். தாழ்ந்த குரலில், "வாப்பாகிட்ட சொல்றேன் பாரு" என்றார். "ஆம்பளைங்க நடுவுல நின்னு கத்தினேன்னு சொல்றேன். சமோசா கொண்டுவர்றதும் இன்னையோட சரி."

போன வாரம் இதைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். வாப்பா கோபப்படுவார் என்பது உண்மைதான். சமோசாத் தட்டை என் கையிலிருந்து வாங்கிவிடவும் கூடும். அது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

"சொல்லு, நானா" என்றேன். "எந்தச் சுவர், எத்தனாவது வரின்னும் சொல்லு. வாப்பாவுக்குத் தமிழ் நல்லா படிக்க வரும்."

ஸ்டூலின் மேல் மாமா என் பெயரில் 'ஜி' எழுதிக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தின் கால் கொஞ்சம் வழிந்தது. துண்டால் துடைத்து, மறுபடி நேராகப் போட்டார். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.